பக்கத்து சீட்டில் தெலுங்கு

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் காலையில் வந்து நிற்கும் திருப்பதி பஸ்ஸை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பலகையில் திருப்பதி என்று எழுதியிருக்கும். சீட்டில் டிரைவர் இருப்பார். எஞ்சின்கூட ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் முண்டியடித்து ஏறி, பையை மடியில் வைத்து, அப்பாடா என்று சாய்ந்த பிறகு டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போவார். பின்னால் வந்து நின்ற இன்னொரு பஸ், முக்கால்வாசி காலியாக, எங்கள் கண்ணெதிரிலேயே முதலில் கிளம்பிப் போகும். இதெல்லாம் தற்செயல் என்பார் என் கணவர். அவர் வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போகிறவர். அவருக்கு என்ன தெரியும்.

பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் போன் ஆப்பையும் நான் நம்புவதில்லை. நாராயணவனம் தாண்டிவிட்டது என்று அது காட்டும்போது பஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கும். கண்டக்டரையும் நம்புவதில்லை. பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று வந்த பிறகு ஆதார் அட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். தினமும் இதே கண்டக்டர், தினமும் இதே முகம். அந்த போட்டோவில் இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் உண்டு, அது வேறு விஷயம். ஆனால் அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

சீட்டு பிடிக்கும் விஷயத்தில் மட்டும் எங்கள் பக்கத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுவிட்டால் அந்த சீட்டு நம்முடையது. அதை எடுத்து எறிந்துவிட்டு உட்காருகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருநாள் என் கைக்குட்டையை யாரோ பின் சீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பெரிய சண்டை போட்டேன். அது என் கைக்குட்டையே இல்லை என்பது வடமாலப்பேட்டை வந்தபோது தெரிந்தது. அதற்காக சீட்டை விட்டுவிட முடியுமா?

இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில், இடதுபுறம் வெயில் படாத ஜன்னல் சீட்டு கிடைத்து, முன்னால் திருமலையின் பாறைகள் ஈரத்தில் சிவந்து தெரியும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கும். கூட்டத்தை வளைத்து வளைத்து ஓட்டும் ஒரு நல்ல டிரைவர் அன்றைக்கு வந்துவிட்டால் இன்னும் சந்தோஷம். அந்த ஜன்னல் சீட்டுக்காகவே கால்மணி நேரம் முன்னால் வந்து நிற்பேன். நிற்கும்போது, எனக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லாம் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

திருப்பதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. பில் போடுவது, பவர் எழுதிக்கொள்வது, கண்ணாடி ரெடி என்று போன் செய்வது. கடையின் ஓனர் தெலுங்குக்காரர், அதிகம் பேசாதவர். அதிகம் பேசாதவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பஸ் கிளம்பியதும் அரக்கோணத்தில் இருக்கும் தங்கைக்கு போன் போடுவேன். டோல்கேட் வரைக்கும் பேசுவேன். தமிழில்தான். கடையில் நாள் முழுக்கத் தெலுங்கு பேசி நாக்கு களைத்துப்போகிறவளுக்கு அது ஒரு ஆறுதல். பஸ்ஸில் தமிழ் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்களா என்று கேட்டால், நிறையவே இருப்பார்கள். நகரி, புத்தூர் பக்கம் ஆந்திரா என்றாலும் வீட்டுக்கு வீடு தமிழ்தான். அதனால் பக்கத்தில் யார் என்று பார்த்துத்தான் பேசுவேன். பக்கத்து சீட்டு தெலுங்கு என்றால், கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு தைரியம்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது ஆளிடம் பேச ஆரம்பிக்கும்போது இவர் தமிழா தெலுங்கா என்று யாரும் கேட்பதில்லை. பார்வையாலேயே ஒரு கணக்குப் போட்டு, ஏதோ ஒன்றில் ஆரம்பிப்போம். முதல் வார்த்தை எதில் விழுந்ததோ, அந்த ஆளோடு கடைசிவரைக்கும் அதே மொழிதான். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரோடு நான் தெலுங்கில் பேசுகிறேன். அவர் மனைவியோடு தமிழில் பேசுகிறேன். அவர்கள் இருவரும் வீட்டில் பேசுவது தமிழ் என்பது எனக்குத் தெரியும். நான் பேசுவதும் தமிழ் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. மாற்றினால் யாரோ வேறு ஆளிடம் பேசுவது போல இருக்கும்.

ஒருநாள் காலை பக்கத்து சீட்டுக்கு வந்த ஒரு அக்கா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை தெலுங்கில் விழுந்தது. "ஜருகம்மா" என்றார். நகர்ந்துகொள் என்று அர்த்தம். திருமலை வரிசையில் ஒருமுறையாவது நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, பெரிய துணிப் பை, ஐம்பதை ஒட்டிய வயது. நான் ஜன்னல் பக்கம் ஒட்டிக்கொண்டு, தெலுங்கிலேயே பரவாயில்லை உட்காருங்கள் அக்கா என்றேன். அக்கா என்பது இரண்டு மொழிக்கும் பொது. உடனே தங்கைக்கு போன் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "ஒரு தெலுங்கு அம்மா வந்து உக்காந்துக்கிச்சிடி. ரெண்டு சீட்டு ஆளு. நான் ஜன்னலோட ஒட்டிக்கினு வரேன்." தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவர் தினமும் என் பக்கத்தில்தான். முதலில் வந்தவர் மற்றவருக்கும் சேர்த்துக் கைக்குட்டை போடுவது என்றாகிவிட்டது. திருப்பதியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் மேற்பார்வை பார்க்கிறார் என்றார். தெலுங்கில் பேசிக்கொள்வோம்: எந்த டிரைவர் வருவார், ரோடு வேலை எப்போது முடியும், தக்காளி என்ன விலை. பிறகு நான் போனை எடுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் உட்காரும் விதம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சீட்டின் ஓரத்தில் உட்காருவார். ஒரு கால் நடைவழியில் இருக்கும். ஒரு கை எப்போதும் முன் சீட்டுக் கம்பியில். ஏறுகிற கூட்டமெல்லாம் அவர் தோளை இடித்துக்கொண்டு போகும், உள்ளே நகரவே மாட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வேன். எதற்கு இப்படித் தொங்கிக்கொண்டு வருகிறார்? எல்லோருக்கும் முன்னால் இறங்கவா? யாரையாவது கவனிக்கவா? தூங்குகிறவர் இப்படியா உட்காருவார்?

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலைக்கு என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தேன். எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள், ஆர்டர் மெயிலில் வரும் என்றார்கள். சம்பளத்தை விட எனக்கு வேறொன்று பிடித்தது. கம்பெனி பஸ் எங்கள் தெரு முனைக்கே வரும். எனக்கென்று ஒரு சீட்டு இருக்கும். கைக்குட்டை வேண்டாம், முண்டியடிக்க வேண்டாம், ஆதார் வேண்டாம். அந்த சீட்டை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

ஆனால் ஆர்டர் கையில் கிடைக்கும்வரை ஓனர் காதுக்கு விஷயம் போகக்கூடாது. எனக்கு முன்னால் பில் போட்டுக்கொண்டிருந்த பெண் வேறு வேலை கிடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவர் என்னை வேலைக்கு எடுத்துவிட்டார். அவள் எதிர்பார்த்த வேலையும் வரவில்லை. எனக்கும் அப்படி ஆனால் இதுவும் போய் அதுவும் போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் கணவர், தங்கை இருவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. தங்கைக்குத் தினமும் பஸ்ஸில் சொன்னேன், தமிழில்.

ஒருநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், ஓனர் கண்ணாடி துடைத்துக்கொண்டே கேட்டார். புத்தூரிலிருந்து ஸ்ரீ சிட்டிக்குக் கம்பெனி பஸ் போகிறதாமே, எத்தனை மணிக்கு என்று தெரியுமா? தெரியாது சார் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார். எங்கே போனாலும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஸ்ரீ சிட்டி என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

யார் சொல்லியிருப்பார்கள்? கணவரைக் கேட்டேன், முறைத்தார். தங்கையைக் கேட்டேன், போனை வைத்துவிட்டாள். லென்ஸ் பொருத்துகிற பையன், எதிர்க்கடை டீக்காரர், இன்டர்வியூ அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சைச் சுடிதார் என்று எல்லோரையும் மனசுக்குள் நிறுத்தி வைத்து விசாரித்தேன். பக்கத்து சீட்டு அக்காவை மட்டும் கூப்பிடவில்லை. அவர்தான் தெலுங்காயிற்றே.

அந்த வாரமே விஷயம் வெளியே வந்தது. அரக்கோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் பஸ்ஸில் ஏறியிருந்தது. அந்த வீட்டு ஆள் எங்கள் சீட்டருகே நின்று, திருச்சானூர் தாயார் கோயிலுக்கு எங்கே இறங்க வேண்டும் என்று தமிழில் பொதுவாகக் கேட்டார். கண்டக்டர் பின்னால் இருந்தார். அக்கா கண்ணை மூடியிருந்தார், நிஜமாகவே தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "இது திருச்சானூர் உள்ள போவாதுப்பா. பைபாஸ்ல எறங்கிக்கினு, ஷேர் ஆட்டோ புடிச்சிக்கினு போயிடு."

எங்கள் ஊர்த் தமிழ். கலப்படம் இல்லாத, விஜயபுரம் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே வந்த தமிழ். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைத் தேடுகிறவர் மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மலையும் கண்ணில் படவில்லை, ஒன்றும் படவில்லை.

இத்தனை மாதமாக நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. தங்கை மாமியார், என் மாமியார், ஓனரின் கஞ்சத்தனம், கணவரின் குறட்டை, ஸ்ரீ சிட்டி, ஆர்டர், கம்பெனி பஸ். அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன மாதம் இந்த அக்கா எங்கள் கடைக்குப் படிக்கிற கண்ணாடி வாங்க வந்திருந்தார். ஓனரே முன்னால் வந்து ஃப்ரேம் காட்டினார். என்னவோ ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகம் பேசாத ஓனர்!

இனி எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு ஆத்திரம். மறுநாள் காலை, பஸ் கிளம்பியதும், யாருக்கும் போடாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். தங்கையோடு பேசுவது போலத் தமிழில் சொன்னேன். ஸ்ரீ சிட்டி வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன், புது இடம் பயமாக இருக்கிறது, இந்தக் கடையே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். குரலில் கொஞ்சம் சோகத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் அசைந்தன.

அன்று சாயங்காலம் ஓனர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். நான் அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து தீபாவளியைத் தவிர வேறெந்த நாளிலும் அங்கே எதுவும் தின்னக் கிடைத்ததில்லை. என்னிடம் வந்து, எடுத்துக்கோம்மா என்று தெலுங்கில் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். ஆள் போகவில்லை என்ற சந்தோஷம்! காலையில் வலை விரித்தேன், சாயங்காலம் மீன் விழுந்துவிட்டது. பப்ஸைத் தின்றேன்.

இரவெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதையும் தமிழில்தான் கேட்பது என்று தீர்மானித்தேன். மறுநாள் நான் போனபோது எனக்குக் கைக்குட்டை போட்டு வைத்திருந்தார். ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன், பையை நடுவில் வைத்தேன், போனை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார். தமிழில்.

"ஏம்மா, அந்த வேலைய வேணாம்னு எழுதிட்டியே, எதுக்குமா? நானும் இப்டிதான் ஒரு தபா பயந்துக்கினு வேணாம்னுட்டேன். வேலூர்ல பெரிய ஆஸ்டல், தங்கறதுக்கு எடம் எல்லாம் குடுத்தாங்க. இன்னிக்கும் இந்த பஸ்லதான் வந்துக்கினு கீறேன். அவங்களுக்கு போன் பண்ணி வரேன்னு சொல்லு. இன்னா ஆயிடப் போவுது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். தமிழ் தெரியும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மொத நாளே சொல்லியிருந்தா நீ மூஞ்சிய எங்க வெச்சிக்குவ?" என்றார் அவர். "அப்பால சொல்லலாம்னு பாத்தா, நீதான் பேசிக்கினே இருந்தியே."

வேண்டாம் என்று எழுதியது பொய், அது உங்களுக்காக விரித்த வலை என்று எப்படிச் சொல்வது? சரிக்கா, போன் பண்றேன் என்றேன். அதற்குப் பிறகு திருப்பதி வரைக்கும் ரோடு வேலையைப் பற்றிப் பேசினோம். தெலுங்கில்தான் பேசினோம். முதல் வார்த்தை விழுந்த மொழியை விட்டு எங்களால் வெளியே நிற்க முடியவில்லை.

சில நாள் கழித்து ஆர்டர் வந்தது. கடையில் போய்ச் சொன்னேன். கத்தப் போகிறார் என்று தயாராக நின்றேன். ஓனர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். அவருடைய தங்கை மகனுக்கும் ஸ்ரீ சிட்டியில்தான் வேலை கிடைத்திருக்கிறதாம். புத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வரலாமா என்று பார்ப்பதற்குத்தான் அன்றைக்கு என்னைக் கேட்டாராம். பப்ஸும் அவனுக்கு வேலை கிடைத்ததற்காகத்தானாம். முன்னாலேயே சொல்லியிருந்தால் உன்னையே ஒரு ரூம் பார்த்துத் தரச் சொல்லியிருப்பேனே என்றார். அக்காவோடு அன்றைக்கு என்ன அவ்வளவு பேசினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஃப்ரேமைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். அநேகமாக.

கடைசி நாள் காலையும் அக்கா எனக்கு முன்னால் வந்து கைக்குட்டை போட்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி பஸ் என்றேன். தனி சீட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லது என்றார். போனை எடுக்க எனக்கு மனசில்லை, சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வடமாலப்பேட்டையில் நல்ல கூட்டம் ஏறியது. மூட்டையோடு வந்த ஒருவர் அக்காவின் தோளில் பலமாக இடித்தார். அக்கா உள்ளே நகரவில்லை. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நடைவழியில் ஊன்றிக்கொண்டார்.

என் கண் கீழே போனது. எங்கள் இருவருக்கும் நடுவில், சீட்டில் ஒரு ஆள் பாதி உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அதில் என் சாப்பாட்டுப் பை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அவர் வந்து உட்கார்ந்த முதல் நாள் இந்த இடம் இல்லை. அன்றைக்கு நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். தங்கைக்கு போன் போட்டு, ரெண்டு சீட்டு ஆளு என்று சொன்னேன், சிரித்தேன். இரண்டாம் நாளிலிருந்துதான் இந்த இடம் இருக்கிறது.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "தள்ளி உள்ள உக்காருங்கக்கா" என்றேன், தமிழில். அவர் அந்த இடத்தையும் என்னையும் பார்த்தார்.

"வேணாம்மா," என்றார். "பழகிப்போச்சி."

பையை நான் திரும்பக் கீழே வைக்கவில்லை. திருப்பதி வரைக்கும் அந்த இடம் காலியாகவே வந்தது.